திறமூல வேர்ட்பிரஸ் தீமுக்கு வரும் தன்னார்வ மொழிபெயர்ப்புகளை எப்படி நிர்வகிப்பது?

கேள்வி சுருக்கமாக இது: ஒருவர் தன் வேர்ட்பிரஸ் தீமை (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தொகுப்பு) திறமூலமாக, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வைத்திருக்கிறார். முன்பின் தெரியாதவர்கள் தத்தம் மொழியில் பிஓ கோப்பு (ஆங்கில வரிகளும் அவற்றின் மொழிபெயர்ப்பும் உள்ள கோப்பு) அனுப்புகிறார்கள். படிக்கவே தெரியாத மொழியை எந்த நம்பிக்கையில் ஏற்றுக்கொள்வது, பாதியில் நின்றுபோன மொழிகளை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

ஏழு வருடமாக இப்படி ஒரு தீமைப் பராமரித்து வருகிறேன். இப்போது பதினொரு மொழிகளில் இருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரிந்தவை தமிழும் ஆங்கிலமும்தான். இத்தனை நாளில் வந்த மொழிபெயர்ப்புத் தொல்லைகளில் முக்கால்வாசி, தீமின் திரையில் தெரிவதற்காக நான் எழுதிய ஆங்கில வரிகளால் வந்தவை. அதனால் தன்னார்வலர்களைப் பற்றிப் பேசும் முன் அந்த வரிகளைப் பற்றிப் பேச வேண்டும்.

மூன்றாவது வருடம் நடந்தது இது. ‘ரீட் மோர்’, ‘லோடிங்’ போன்ற ஒன்பது வரிகளின் முடிவில் மூன்று தனித்தனிப் புள்ளிகள் இருந்தன. அச்சில் வருவதுபோல ஒற்றை முப்புள்ளிக் குறியாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று எல்லாவற்றையும் மாற்றி, அன்று மாலையே புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டேன். மறுநாள் போலிஷ் மொழி செய்து தந்தவரிடமிருந்து கடிதம். போன மாதம்தான் நூறு சதவீதம் முடித்திருந்தார். ‘என் தளத்தில் பட்டன்கள் எல்லாம் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிட்டன. நான் எங்கே தவறு செய்தேன்?’ என்று கேட்டிருந்தார். அவர் ஒரு தவறும் செய்யவில்லை. ஆனாலும் தன் வேலையில்தான் குறை என்று நினைத்து, ஒரு ராத்திரி முழுக்கக் கோப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார். அந்த வரியைப் படித்தபோது மனம் கஷ்டப்பட்டது.

காரணம் இதுதான். வேர்ட்பிரஸ் மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்தும் கெட்டெக்ஸ்ட் முறையில், மொழிபெயர்ப்பைத் தேடி எடுக்கும் சாவி ஆங்கில வாக்கியமேதான். அதில் ஒரு புள்ளி மாறினாலும் அது புது வரி. பாட் கோப்பை, அதாவது ஆங்கில வரிகளின் மூலப் பட்டியலை, புதுப்பித்துப் பழைய பிஓ கோப்போடு சேர்க்கும்போது, கிட்டத்தட்ட ஒத்துப்போகும் பழைய மொழிபெயர்ப்பை ‘ஃபஸ்ஸி’ (சரிபார்க்க வேண்டியது) என்று கருவி குறித்து வைக்கும். தளம் படிக்கும் எம்ஓ கோப்பாக மாற்றும்போது ஃபஸ்ஸி வரிகள் உள்ளே போகாது. வாசகர் கண்ணுக்கு ஆங்கிலம் தெரியும். பத்து மொழிகளில் ஒன்பது ஒன்பது வரிகளை நான் ஒரே மாலையில் அழித்திருந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு பழக்கங்களை விடாமல் கடைப்பிடிக்கிறேன். வெளியீட்டுக்கு இரண்டு வாரம் முன்பே ஆங்கில வரிகளைப் பூட்டிவிடுவேன். அதற்கப்புறம் நிரலில் பிழை திருத்தம் மட்டும்தான், ஆங்கில வரிகளில் ஒரு வார்த்தைகூட மாறாது. லினக்ஸ் திரைச்சூழலான க்னோம் மாதிரி பெரிய திட்டங்களில் வெகுகாலமாக இருக்கும் வழக்கம்தான் இது. சின்ன தீமுக்கு எதற்கு என்று நினைத்திருந்தேன், ஆனால் சின்ன தீமுக்குத்தான் ஆள் குறைவு, அதனால் முன்னறிவிப்பு இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. இரண்டாவது, ஆங்கிலத்தில் எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி என்று பொருள் மாறாத திருத்தம் செய்தால், எல்லா பிஓ கோப்புகளிலும் அந்த மூல வரியை நானே மாற்றி, ஃபஸ்ஸி குறியையும் எடுத்துவிடுவேன். நம் அழகுணர்ச்சிக்காகப் பத்துப் பேரை மறுபடி உட்கார வைப்பது நியாயமில்லை.

அடுத்து வாக்கியத்தைத் துண்டாக்குவது. முதல் பதிப்பில் ‘போஸ்டட் பை’ ஒரு வரி, பிறகு ஆசிரியர் பெயர், பிறகு ‘ஆன்’ ஒரு வரி, பிறகு தேதி என்று கோடில் (நிரலில்) ஒட்டி வைத்திருந்தேன். தமிழ் மொழிபெயர்ப்பு வந்தபோது ‘எழுதியவர் கவிதா அன்று மார்ச் 3’ என்று திரையில் வந்தது. மொழிபெயர்த்தவர் என்ன செய்வார், பாவம்? தமிழில் ‘அன்று’ தேதிக்குப் பின்னால் வர வேண்டும். தனித்தனித் துண்டாகக் கொடுத்துவிட்டால் அவரால் இடம் மாற்றவே முடியாது. என் சொந்த மொழியில் இதைப் பார்த்த பிறகுதான் ஜப்பானியருக்கும் துருக்கியருக்கும் என்ன கொடுத்திருக்கிறேன் என்று உறைத்தது. இப்போது முழு வாக்கியமும் ஒரே வரி. பெயரும் தேதியும் வந்து அமரும் இடங்களில் எண்ணிட்ட இடக்குறிகள். ‘மார்ச் 3 அன்று கவிதா எழுதியது’ என்று யாரும் இயல்பாக மாற்றிக்கொள்ளலாம்.

எண்ணிக்கையும் அப்படித்தான். ஒன்று என்றால் ஒருமை, இல்லையென்றால் பன்மை என்று நானே கோடில் எழுதியிருந்தேன். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் அது போதும். போலிஷில் ஒரு மறுமொழி என்றால் ‘கொமென்டாஷ்’, இரண்டு முதல் நான்கு வரை ‘கொமென்டாஜே’, ஐந்துக்கு ‘கொமென்டாஜி’. 12க்கும் ‘கொமென்டாஜி’தான், ஆனால் 22க்கு மறுபடி ‘கொமென்டாஜே’. அரபியில் ஆறு வடிவங்கள், ஜப்பானியத்தில் ஒன்றே ஒன்று. இந்த விதிகள் எல்லாம் பிஓ கோப்பின் தலைப்பிலேயே எழுத இடம் இருக்கிறது. பன்மைக்கென்று வேர்ட்பிரஸ் தரும் ஃபங்ஷனைப் பயன்படுத்தினால் போதும், மற்றதை மொழிபெயர்ப்பவர் பார்த்துக்கொள்வார்.

ஒற்றைச் சொல் வரிகளுக்குக் கட்டாயம் சூழல் எழுதுங்கள். என் தீமில் ‘லைட்’ என்று இரண்டு இடத்தில் இருந்தது: ஒன்று வெளிர் நிறத் தோற்றம், இன்னொன்று எழுத்துருவின் மெல்லிய தடிமன். கோப்பில் இரண்டும் ஒரே வரியாகத்தான் தெரியும். ‘ஹோம்’ என்பதை ‘வீடு’ என்று மொழிபெயர்த்து ஒருவர் அனுப்பினார். மெனுவில் அது ‘முகப்பு’ என்று அவருக்கு யார் சொன்னது? இப்போது ஒவ்வொரு வரிக்கும் மேலே, இது பட்டனா, தலைப்பா, திரையில் எங்கே வருகிறது என்று ஒரு குறிப்பு வைக்கிறேன்.

சரி, படிக்கத் தெரியாத மொழியை ஏற்பது எப்படி? நான் இரண்டாவது ஆளைத் தேடுவேன். அதே மொழியில் தீமைப் பயன்படுத்தும் யாராவது இருப்பார்கள். சப்போர்ட் கேட்டு எழுதியவர்களிடமே கேட்கலாம். அனுப்பியவர் மொழியில் ஒரு டெமோ தளம் போட்டு, இணைப்பை அவருக்கே அனுப்பினால் பாதித் திருத்தங்களை அவரே கண்டுபிடிப்பார். கோப்பில் சரியாகத் தெரியும் சொல் பட்டனுக்குள் இரண்டு வரியாக உடையும். தமிழில் தலைப்பு வரிகளின் உயரத்தை எழுத்தளவைப்போல் 1.1 மடங்கு என்று வைத்திருந்தேன், ‘தீ’, ‘கீ’ எழுத்துகளின் மேல் சுழி வெட்டுப்பட்டது. இதெல்லாம் கோப்பைப் பார்த்துத் தெரியாது.

ஒரே நாளில் ஐந்து மொழிகளை ஒருவரே அனுப்பினால், அது இயந்திர மொழிபெயர்ப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மரியாதையாக நன்றி சொல்லி, இதில் உங்கள் தாய்மொழி எது, அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று பதில் எழுதுவேன். இப்படி வந்தவற்றில் இடக்குறிகளுக்கு நடுவே தேவையில்லாத இடைவெளி நுழைந்திருக்கும். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பியின் 8ஆம் பதிப்பு முதல் உடைந்த இடக்குறி பக்கத்தையே விழச் செய்துவிடக்கூடும். கெட்டெக்ஸ்டின் சோதனைக் கருவியை ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டிலும் (மாற்றத்தை ஏற்கக் கேட்டு வரும் கோரிக்கை) தானாக ஓடவிட்டால் இதைத் தடுக்கலாம். வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளம் இந்தச் சோதனையைத் தானே செய்கிறது; கட்டற்ற திட்டங்களுக்கு இலவசமாகவும் கிடைக்கிறது. கிட் (நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) தெரியாத ஒரு தமிழாசிரியரும் உலாவியிலேயே மொழிபெயர்க்கலாம் என்பதற்காகவே நான் அதற்கு மாறினேன்.

உங்கள் தீம் வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வத் தீம் பட்டியலில் இருந்தால் நிலைமை வேறு. அங்கே மொழிபெயர்ப்பை அங்கீகரிப்பது அந்தந்த மொழிக் குழு, நீங்கள் அல்ல. 2016இல் வந்த 4.6 பதிப்பிலிருந்து, தீமுக்குள் நீங்கள் வைக்கும் கோப்பைவிட அங்கிருந்து இறங்கும் மொழித் தொகுப்புக்கே முன்னுரிமை. இது தெரியாமல், தீம் கோப்புறையில் ஒரு தமிழ்ச் சொல்லைத் திருத்திவிட்டு, ஏன் மாறவில்லை என்று இரண்டு நாள் தேடியிருக்கிறேன்.

சொல் தகராறு வரும். ‘இடுகை’யா ‘பதிவு’வா, ‘மறுமொழி’யா ‘கருத்து’வா என்று இருவர் வாதிடும்போது, இருவர் பக்கமும் நியாயம் இருக்கும். வேர்ட்பிரஸின் மைய மென்பொருளில் அந்த மொழியினர் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்களோ அதையே எடுப்போம் என்பது என் விதி. தளத்தில் தீமின் சொல்லும் வேர்ட்பிரஸின் சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் தெரிவதால் யாரும் இதைப் பெரிதாக மறுப்பதில்லை. ‘நீ’யா ‘நீங்கள்’ஆ என்பதுபோல மரியாதை வடிவம் பற்றிய வாதம் ஜெர்மனில் வந்தால் இன்னும் சுலபம்: வேர்ட்பிரஸில் மரியாதை வடிவத்துக்கென்று தனி லோகேலே (மொழித் தேர்வு) இருக்கிறது.

பெயர் விஷயத்தில் கவனமாக இருங்கள். பிஓ கோப்பின் தலைப்பில் கடைசியாக மொழிபெயர்த்தவரின் பெயரும் மின்னஞ்சலும் பதிவாகும். பொது ரெப்போவில் (நிரல் களஞ்சியத்தில்) அது போய்விட்டால் பழைய கமிட்களிலும் (மாற்றப் பதிவுகளிலும்) நின்றுவிடும். முதல் கடிதத்திலேயே எந்தப் பெயரில், எந்த முகவரியில் வர விரும்புகிறீர்கள் என்று கேட்டுவிடுவேன்.

கடைசியாக, பாதியில் நின்ற மொழிகள். நான் எதையும் நீக்குவதில்லை. தளத்துக்கு வருபவர் கண்ணில் படும் வரிகள் என் தீமில் நாற்பது சொச்சம்தான். மற்றவை அமைப்புப் பக்கத்துக்கானவை. அந்த நாற்பதை முதலில் முடிக்கச் சொல்வேன், அது ஒரு மாலை வேலை. போலிஷ் செய்தவர் போன வருடம், புது வேலையில் நேரமில்லை என்று எழுதினார். வேறு ஒருவரைத் தேடித் தந்து, தான் தொகுத்து வைத்திருந்த சொற்பட்டியலையும் அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் விலகினார். நன்றிப் பட்டியலில் இன்றும் முதல் பெயர் அவருடையதுதான்.