மறுபடி உருட்டாதீர்கள்

கேள்வி: ஜாம்பிகளிடமிருந்து உயிர் பிழைக்கும் ரோல்பிளேயிங் கேம் (ஒரு கதாபாத்திரமாக இருந்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு) ஒன்றை மேசையில் தனியாக விளையாட ஆசை. களம் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க். நாலு மாதமாகத் தயாரித்து வருகிறேன். மூன்று விதிப் புத்தகங்கள், நகரம் முழுவதற்கும் வரைபடம், 100 வரி கொண்ட பொருள் அட்டவணை, 12 கதாபாத்திரங்கள் எல்லாம் தயார். பட்டியலை இணைத்திருக்கிறேன். இரண்டு முறை ஆரம்பித்தும் இரண்டாம் நாளைத் தாண்டவில்லை. கதையை நடத்திச் செல்லும் கேம் மாஸ்டர் இல்லாததால் பயமே வரவில்லை. பகடை மோசமாக விழுந்தால் மறுபடி உருட்டிக்கொள்கிறேன். இதைவிட நல்ல விதிமுறை ஏதாவது இருக்கிறதா? யாரை வைத்து ஆரம்பிக்கலாம்?
— வாசகர், ஈரோடு

பதில்: வேறு விதிமுறை வேண்டாம். கைவசம் உள்ள மூன்றே அதிகம். நான்காவதை வாங்கினால் அதையும் இரண்டு மாதம் படிப்பீர்கள், விளையாட மாட்டீர்கள்.

மறுபடி உருட்டிக்கொள்வதாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான் இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து விளையாடும்போது கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது கேம் மாஸ்டருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. பயம் அதிலிருந்துதான் வருகிறது. தனியாக உட்காரும்போது அவர் இடத்தில் பகடை இருக்கிறது. மேசையில் உங்களைத் தவிர இருக்கும் ஒரே ஆள் அதுதான். பிடிக்காததைச் சொன்னதும் அதன் வாயைப் பொத்திவிட்டால் பயம் எப்படி வரும்?

தனியாக விளையாடுவது ஏதோ கூட்டாளி கிடைக்காதவர்களின் வேலை என்ற கூச்சம் இருந்தால், அது தேவையில்லை. இந்த வகை விளையாட்டுகளில் பேர்போன டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தது 1974-இல். அடுத்த வருடம் அதே வகையில் டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ் வந்தது. அதற்கென்று ஒரே ஆள் விளையாடும் சாகசத்தை ரிக் லூமிஸ் 1976-லேயே எழுதிவிட்டார்.

கேம் மாஸ்டர் இல்லாத குறையைத் தீர்க்க, குறி கேட்பதுதான் வழி. ‘மித்திக்’ என்ற விதிமுறை இதற்குப் பெயர்போனது. ஆம், இல்லை என்று விடை வரும்படி ஒரு கேள்வி கேட்டு, அது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று முதலில் தீர்மானித்து, நூறுக்குள் ஓர் எண் உருட்ட வேண்டும். குழப்பத்துக்கென ஓர் எண் 5-இல் தொடங்கும். நிலைமை கைமீறினால் ஏறும், கட்டுக்குள் வந்தால் இறங்கும். நல்ல முறைதான். ஆனால் உங்களுக்கு இப்போதைக்கு வீட்டிலிருக்கும் சாதாரணப் பகடை ஒன்று போதும். 1 விழுந்தால் ‘இல்லை, அதோடு இன்னொரு கேடும்’. 2 வெறும் ‘இல்லை’. 3 ‘இல்லை, ஆனாலும் ஒரு சின்ன ஆறுதல்’. 4 ‘ஆம், ஆனால் ஒரு சிக்கல்’. 5 ‘ஆம்’. 6 ‘ஆம், கூடவே ஒரு நல்லது’. விழுந்ததை அந்த நிமிஷமே பேனாவால் எழுதுங்கள். பென்சில் வேண்டாம்.

நான் தனியாக விளையாடிய ஆட்டத்தின் நோட்டிலிருந்து ஓர் இடத்தைச் சொல்கிறேன். ரூத், 58 வயது. பிட்ஸ்பர்க்குக்குக் கிழக்கே மன்ரோவிலில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். கூடவே 9 வயதுப் பேரன், அவனுக்கு டைப் 1 சர்க்கரை நோய். மின்சாரம் போய்விட்டது. குளிர்ச்சி இல்லாவிட்டால் இன்சுலினைப் பெரும்பாலும் 28 நாள் வரைதான் நம்ப முடியும். முதல் பக்கத்தில் 28 கட்டம் போட்டேன், இரவுக்கு ஒன்றாக அடிக்க. ஒரு ஜாம்பியும் வருவதற்கு முன்பே எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஆறாவது கட்டத்தில் ஒரு மருந்துக்கடைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ‘உள்ளே இன்சுலின் இருக்கிறதா?’ 3 விழுந்தது. கை தானாகப் பகடைப் பக்கம் போனது, உங்களுக்குப் போவதுபோலவே. பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுதினேன்: குளிர்ப்பெட்டி காலி. அதன் கதவில் ஒரு சீட்டு, ‘மருந்து எங்களிடம் பத்திரமாக இருக்கிறது’ என்று. கீழே ஒரு முகவரி, நகரத்தின் மறுகோடியில். மறுபடி உருட்டி 5 வாங்கியிருந்தால் ரூத் மருந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பார், விளையாட்டும் அன்றோடு முடிந்திருக்கும். அடுத்த மூன்று வாரம் நான் விளையாடியதெல்லாம் அந்தச் சீட்டை வைத்துத்தான்.

களம் மட்டும் அருமையான தேர்வு. இன்று ஜாம்பி என்றதும் நம் மனதில் வரும் உருவம், இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ பிட்ஸ்பர்க்குக்கு வடக்கே எடுத்து 1968-இல் வெளிவந்த படத்திலிருந்து வந்தது. 1978-இல் வந்த அவரது அடுத்த ஜாம்பி படத்துக்கு மன்ரோவில் மால்தான் களம். ஆனால் நான் அந்த ஊரை விரும்புவது அதன் நிலத்துக்காக. அலிகெனி, மனோங்கஹேலா என்ற இரண்டு ஆறுகள் நகரத்தின் நடுவில் கூடி ஒஹையோ ஆறாகின்றன. 446 பாலங்கள் என்று கணக்குச் சொல்வார்கள். எங்கே போவதானாலும் ஒரு பாலத்தைக் கடக்க வேண்டும், இல்லையென்றால் மலையைக் குடைந்த சுரங்கப்பாதையில் நுழைய வேண்டும். மன்ரோவிலிலிருந்து நகரத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில் ஸ்குவிரல் ஹில் சுரங்கம் இருக்கிறது, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். விளக்கில்லாத அந்தச் சுரங்கத்தில், நின்றுபோன கார்களுக்கு நடுவே பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு ரூத் நடந்து வெளியேற எனக்கு நாலு ராத்திரி பிடித்தது. ஓர் அட்டவணையும் தேவைப்படவில்லை.

அதனால் நகர வரைபடத்தை மடித்து வையுங்கள். ஒரு கட்டடம் போதும். 100 வரி அட்டவணைக்குப் பதில், அந்த இடத்தில் உண்மையாகவே என்ன இருக்கும் என்று யோசியுங்கள். அமெரிக்காவில் பல வீடுகளின் அடித்தளத்தில், அதாவது தரைக்குக் கீழே உள்ள அறையில், ஒரு வாட்டர் ஹீட்டர் தொட்டி நிற்கும், ஏறக்குறைய 150 லிட்டர் பிடிக்கும். நாளைக்கு 3 லிட்டர் என்றால் ஒருவருக்கு 50 நாள். தண்ணீர் இருக்கிறது, சரி. அடித்தளத்தில் யாராவது இருக்கிறார்களா? குறி கேட்க வேண்டியது அதை.

ஜாம்பி ஓடுமா, நடக்குமா, சத்தத்துக்கு வருமா, வாசனைக்கு வருமா என்பதை இரண்டே வரியில் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். நடுவில் மாற்றக் கூடாது. உங்கள் ஆள் செத்தால் சாகட்டும். எந்த நாளில், எந்த இடத்தில் என்று எழுதுங்கள். அவரது பையைக் கண்டெடுக்கும் இன்னொருவரிடமிருந்து மறுநாள் கதை தொடரும்.

யாரை வைத்து ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். பட்டியலைப் பார்த்தேன். முன்னாள் ராணுவ வீரர், அறுவை சிகிச்சை நிபுணர், வில் எய்பவர் என்று எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. பதினோராவதாக, ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பாளர். திறமை என்ற கட்டத்தில் அவருக்கு மட்டும் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். அவரை எடுங்கள்.

காலை பத்து மணி. உள்ளறை நாற்காலியில் ஒரு நோயாளி, மரத்துப்போகும் ஊசி போட்டாயிற்று, வாய் குழறுகிறது. ஏதோ சத்தம் கேட்டு வெளியே போன டாக்டர் இருபது நிமிஷமாகத் திரும்பவில்லை. தெருவில் அலறல். உள்ளறையில் நாற்காலி கிரீச்சிட, அந்த நோயாளி முனகிக்கொண்டே எழுந்திருக்கிறார். அவர் குழறுவது ஊசியால்தானா? பகடையை எடுங்கள்.