கேள்வி – பதில்: அப்பாவின் கையும் வயர்த் தொப்பியும்

பெயர் போட வேண்டாம் என்று கேட்ட வாசகர், வெள்ளவத்தை: அப்பாவுக்கு 61 வயது. பாரிசவாதம் வந்து பதினாலு மாதம் ஆகிறது. நடக்கிறார், கதைக்கிறார், ஆனால் வலது கை விரல்கள் மடிந்தபடியே இருக்கின்றன, தானாக விரிக்க முடியவில்லை. தலையில் வயர்த் தொப்பி போட்ட ஒருவர் நினைத்தவுடன் கையை விரிக்கிற வீடியோ ஒன்றை மச்சான் அனுப்பினார். இங்கே ஓரிடத்தில் விசாரித்தேன், 15 நாள் பயிற்சிக்கு ஆறரை இலட்சம் ரூபா என்கிறார்கள். அம்மாவின் காப்பை விற்கலாமா?

பதில்: காப்பு அலுமாரியிலேயே இருக்கட்டும், முதலில் இதை வாசியுங்கள்.

அப்பாவின் கை விறைத்துப் போயிருக்கலாம், ஆனால் மூலப் பழுது கையில் இல்லை. மூளையின் இடது பக்கத்திலிருந்து வலது கைக்குக் கட்டளை கொண்டுபோகிற பாதைதான் அடிபட்டிருக்கிறது. 'விரல்களை விரி' என்று அப்பா உள்ளே முயற்சி செய்துகொண்டுதான் இருப்பார், கட்டளை கீழே வந்து சேருவதில்லை. அந்த முயற்சியை வெளியிலிருந்தே பிடிக்கலாம் என்பதுதான் தொப்பியின் சங்கதி. நாம் சும்மா இருக்கும்போது மூளையின் அசைவுப் பகுதியில் செக்கனுக்கு 8 முதல் 13 தடவை வரை ஏறி இறங்கும் ஒரு மின் அலை ஓடிக்கொண்டிருக்கும், நிறுத்தி வைத்த ஓட்டோவின் எஞ்சின் உறுமுவது மாதிரி. கையை அசைக்க முயன்றவுடன் அந்த அலை சட்டென்று தணியும், கை அசையாவிட்டாலும் தணியும். தொப்பி அதைப் பார்க்கிறது, கொம்பியூட்டர் உடனே கையில் மாட்டிய மோட்டாரை ஓட விடுகிறது, அல்லது முன்னங்கைத் தசைக்கு இலேசான மின்சாரம் கொடுக்கிறது, விரல்கள் விரிகின்றன.

இதில் முக்கியமானது மோட்டார் இல்லை, நேரம். முயன்ற அதே கணத்தில் 'விரிந்தது' என்ற உணர்வு மூளைக்குத் திரும்பிப் போனால், மிச்சமிருக்கிற பாதைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பலப்படும் என்பதுதான் இதன் அடிப்படை. ஜெர்மனியில் கை விரிக்கவே முடியாத 32 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 2013இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு மூளை அலை தணியும்போது மோட்டார் ஓடியது, மற்றவர்களுக்கு அது பாட்டுக்குக் கண்டபடி ஓடியது. பிசியோதெரபி இரண்டு பகுதியினருக்கும் ஒன்றுதான். முதல் பகுதியினருக்குத்தான் முன்னேற்றம் தெரிந்தது. அதுவும் சிறிய முன்னேற்றம், சோறு பிசைந்து சாப்பிடுகிற கை திரும்பி வந்தது என்று யாரும் எழுதவில்லை.

அமெரிக்காவில் 2021 ஏப்ரலில் இப்சிஹேண்ட் என்ற கருவிக்கு அரசு அனுமதி கிடைத்தது. பாரிசவாதம் வந்து ஆறு மாதம் தாண்டியவர்களுக்கென்றே வந்தது, ஆகவே பதினாலு மாதம் போய்விட்டதே என்று மனம் விட வேண்டாம். அடிபடாத பக்கத்து மூளையின் அலையை வாசித்து வேலை செய்கிறது என்பது அதன் விசேஷம். அதன் ஆரம்பச் சோதனையில் பத்துப் பேர் வீட்டிலேயே 12 வாரம் இருந்து பயிற்சி செய்தார்கள். உங்களுக்குச் சொல்லியிருப்பது 15 நாள்.

எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. ரோபோ கையுறை என்று இப்போது ஒன்லைனில் விற்கிறவற்றில் பலதுக்கும் மூளைக்கும் சம்பந்தமே இல்லை. நல்ல கையில் ஒரு கையுறை, வராத கையில் இன்னொன்று, இது விரித்தால் அதுவும் விரியும், அவ்வளவுதான். பயிற்சிக்கு உதவும், கெட்ட சாமான் இல்லை, ஆனால் ஆறரை இலட்சமா? சொன்ன இடத்துக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தொப்பியின் உள்ளே தலைத்தோலில் படுகிற மின்வாய்கள் இருக்கின்றனவா, ஜெல் அல்லது உப்புத் தண்ணீர் பூசுகிறார்களா என்று பாருங்கள். அப்புறம் அப்பாவிடம், 'கையை மறந்துவிட்டு நேற்றைய மேட்சைப் பற்றி நினையுங்கோ' என்று சொல்லுங்கள். இடைக்கிடை தவறி ஓடினால் பரவாயில்லை, ஆனால் அவர் முயன்றாலும் முயலாவிட்டாலும் மோட்டார் ஒரே மாதிரி ஓடுகிறதென்றால் எழும்பி வந்துவிடுங்கள்.

கொட்டாஞ்சேனையில் என் சித்தப்பாவுக்கு இப்படித்தான் கை போனது. அவருடைய பிசியோ மிஸ் புறக்கோட்டையில் ஒரு சாதாரண கண்ணாடி வாங்கிவரச் சொன்னார். கண்ணாடியை மேசையில் நடுவாக நிறுத்தி, வராத கையை அதன் பின்னால் மறைத்துவிட்டு, நல்ல கையை விரித்து மடக்கி அதன் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். பார்க்கிற கண்ணுக்கு வராத கை அசைகிற மாதிரி இருக்கும். சித்தப்பா முதல் நாள் சிரித்தார், இரண்டாம் கிழமை சினந்தார், ஐந்தாம் மாதம் சட்டைப் பொத்தானைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தார். கண்ணாடியால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன், உடுப்புக் கிளிப்பைத் தட்டின் விளிம்பில் குத்துவது, பயறு பொறுக்குவது என்று சித்தி விடவே இல்லை. றாகமையில் அரசாங்கப் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது, உங்கள் டொக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

வாசகி, தெஹிவளை: மூளைக்குள் சிப் வைத்தால் வேலை சுலபமாக முடியாதா?

பதில்: 2024 ஜனவரியில் நியூராலிங்க் என்ற அமெரிக்கக் கம்பனி தன் சிப்பை முதன்முதலாக ஒரு மனிதருக்கு வைத்தது. அவர் பாரிசவாத நோயாளி அல்ல, முள்ளந்தண்டில் அடிபட்டவர். கொம்பியூட்டர்த் திரையில் அம்புக்குறியை நினைவால் நகர்த்துகிறார். பாரிசவாதத்தில் கைகால் முழுவதும் போன ஒரு பெண், மூளையில் பதித்த குட்டி மின்வாய்த் தகட்டின் உதவியோடு ரோபோக் கையால் கோப்பிப் போத்தலை எடுத்து ஸ்ட்ரோவால் உறிஞ்சிக் குடித்த செய்தி 2012இல் வந்தது. பதினைந்து வருடம் கழித்துத் தானாகக் குடித்த மிடறு அது. ஆனாலும் பாருங்கள், அசைந்தது ரோபோவின் கை. அவருடைய கை அல்ல. தொப்பி வேலை செய்வது சொந்தக் கைக்காக. இரண்டையும் ஒரே வீடியோவில் ஒட்டி அனுப்புகிறவர்களால்தான் இந்தக் குழப்பம்.

வாசகர், மட்டக்குளி: தொப்பி போட்டால் மனதில் உள்ளதெல்லாம் தெரிந்துவிடுமா?

பதில்: இல்லை. கையை அசைக்க முயல்கிறீர்களா இல்லையா என்பதைப் பிடிக்கவே அது படாத பாடு படுகிறது.

வாசகி, பம்பலப்பிட்டி: யாருக்காவது வாய் கோணினால் விரல் நுனிகளில் ஊசியால் குத்தி இரத்தம் எடுக்கச் சொல்லி வட்ஸ்அப்பில் வந்தது. செய்யலாமா?

பதில்: ஐயோ, வேண்டவே வேண்டாம். ஊசி தேடுகிற நேரத்தில் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். இரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும், அந்தக் கணக்கு அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து ஓடும். ஆகவே அந்த நேரத்தை ஒரு துண்டில் எழுதிக் கையோடு கொண்டு போங்கள். தேத்தண்ணீர், அஸ்பிரின், ஒன்றும் வாயில் கொடுக்க வேண்டாம், மூளையின் இரத்தக் குழாயில் அடைப்பா கசிவா என்று ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரியும்.