குழந்தைகளுக்குச் சிரிப்புப் பாட்டு எழுதுகிற ஒருவரே விளையாட்டு வரலாறும் எழுதுவது சரிவருமா?

சரிவரும். நான் இரண்டும் எழுதுகிறேன், இரண்டையும் ஒரே கூட்டத்துக்குத்தான் முதலில் படித்துக் காட்டுகிறேன்: திருவல்லிக்கேணியில் எங்கள் தெருவில் சாயங்காலம் கிரிக்கெட் ஆடிவிட்டு வியர்வையோடு வந்து உட்காரும் பிள்ளைகளுக்கு.

பாட்டில் ஓசை இடறினால் அவர்கள் முகத்திலேயே தெரிந்துவிடும். போன மாதம் ஒன்று எழுதினேன்:

சித்தப்பா வந்தார் பந்து போட
செருப்பு மட்டும் பறந்து போச்சு
ஸ்டம்பு மூணும் சாய்ஞ்சு போச்சு
செருப்புக்குத் தான் விக்கெட் ஆச்சு!

மூன்றாவது வரி முதலில் 'மூன்று ஸ்டம்புகளும் சாய்ந்துவிட்டன' என்றிருந்தது. பொருள் ஒன்றுதான், ஆனால் அங்கே வந்ததும் பிள்ளைகளின் கைத்தட்டல் நின்றுவிட்டது. மாற்றியதும் கடைசி வரியை நான் சொல்வதற்கு முன்பே அவர்கள் கத்திவிட்டார்கள்.

வரலாறு எழுதும்போதும் இதே காதுதான் வேலை செய்கிறது. ஆனால் பாட்டில் செருப்பைப் பறக்கவிடலாம், வரலாற்றில் ஒரு ரன்னைக்கூட நம் இஷ்டத்துக்குக் கூட்டிப் போட முடியாது. சிரிக்க வைக்கிறேன் என்று வீரர்கள் பேசாத வசனத்தை அவர்கள் வாயில் திணிப்பது குழந்தைகளை ஏமாற்றுவதுதான், எனக்கு அதில் கோபமே வரும். கற்பனை செய்யவே தேவையில்லாத அளவுக்கு உண்மையிலேயே எல்லாம் இருக்கிறது.

சேப்பாக்கத்தில் 1986 செப்டம்பரில் நடந்த இந்தியா-ஆஸ்திரேலியா டெஸ்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 'டை' என்றால் என்ன என்று நான் விளக்குவதே இல்லை, நான்கு எண்களை மட்டும் எழுதிக் கொடுப்பேன். ஆஸ்திரேலியா 574, 170. இந்தியா 397, 347. கூட்டிப் பார்க்கச் சொல்வேன். இரண்டு பக்கமும் 744 வந்ததும் ஒருவன் தப்பாகக் கூட்டிவிட்டோம் என்று அழித்துவிட்டு மறுபடி கூட்டுவான், அப்புறம்தான் கண் விரியும். கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ, எதிர்முனையில் ரவி சாஸ்திரி 48 ரன்னோடு நிற்கிறார். டெஸ்ட் வரலாற்றில் இப்படி முடிந்தவை இரண்டே ஆட்டங்கள், மற்றொன்று 1960இல் பிரிஸ்பேனில். அதே ஆட்டத்தில் டீன் ஜோன்ஸ் நம்ம ஊர் வெயில் தாங்காமல் மைதானத்திலேயே வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்தார் என்றால் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆட்டமிழந்த பிறகு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டிரிப்ஸ் ஏற்றினார்கள் என்று சொன்னதும் சிரிப்பு நின்று, 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்தால் போதும், பிறகு 1952இல் இதே மைதானத்தில் வினு மன்கட் ஒரே இன்னிங்ஸில் 8 விக்கெட் எடுத்ததையும், இந்தியா முதல் முறையாக ஒரு டெஸ்ட்டை ஜெயித்ததையும் அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

எழுத ஆசை இருந்தால் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போய் பழைய செய்தித்தாள்களைப் புரட்டுங்கள். இணையத்தில் எடுத்த ஸ்கோரை இன்னொரு இடத்திலும் சரிபார்க்காமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். பத்து வயசுப் பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

கிரிக்கெட்டோடு நின்றுவிடவும் வேண்டாம். சென்னையில் கேரம் போர்டு இல்லாத தெரு எங்கே இருக்கிறது? மரிய இருதயம் 1991, 1995 என இரண்டு முறை உலக சாம்பியன். 2024இல் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள். இவர்களைப் பற்றித்தான் அடுத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தக் காலத்துத் தெருக் கேரம் போட்டிகளின் நோட்டீஸ், போட்டோ ஏதாவது உங்கள் வீட்டில் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், நேரில் வந்து பார்க்கிறேன்.