கடைசி நேர்முகம் வரை போய்த் தவறியவர்களைப் பெரிய கம்பனிகள் என்ன செய்யும்?

இலங்கையின் வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படித்துவிட்டுக் கொழும்புக் கம்பனிகளுக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கடைசிச் சுற்றில் மயிரிழையில் தவறியவரை மனிதவளப் பிரிவில் ‘வெள்ளிப் பதக்கக்காரர்’ என்பார்கள். தகுதி இருந்தது, கதிரைதான் ஒன்று.

நல்ல கம்பனிகள் அவரை மறப்பதில்லை. காரணம் செலவு. விண்ணப்பங்களைச் சலித்து, நாலைந்து சுற்று நேர்முகம் வைக்க, அனுபவசாலிகளின் வேலை நேரம் நிறையப் போகிறது. அந்த நேர்முகக் குறிப்புகள் ஆட்சேர்ப்பு மென்பொருளில் இருக்கும். தெரிவானவர் வராமல் விட்டாலோ பக்கத்துக் குழுவில் வெற்றிடம் வந்தாலோ, புதிதாகத் தேடுவதைவிட அந்தப் பெயரைப் பார்ப்பது சுலபம். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவர் பதியாமல் விட்டால் இசட் புள்ளி (உயர்தரப் பரீட்சையின் தரப்படுத்தல் புள்ளி) வரிசையில் அடுத்தவருக்கு அழைப்பு வருகிறதே, கிட்டத்தட்ட அதுதான்.

அதே பதவிக்குத் திரும்ப விண்ணப்பிக்க 6 மாதம் முதல் 1 வருடம் வரை பொறுக்கச் சொல்லும் கம்பனிகளும் உண்டு. ஐந்து சுற்று வந்தவருக்கு அச்சடித்தாற்போல ஒரு மின்னஞ்சல் மட்டும் அனுப்புவது சரியில்லை. ஒரு அழைப்பெடுத்துச் சொல்ல வேண்டும். அந்தப் பதில் எப்படி வந்தாலும், அன்றைக்கே இரண்டு வரி நன்றி எழுதி, ‘வேறு குழுக்களில் இடம் வந்தால் அறியத்தாருங்கள்’ என்று கேளுங்கள்.

‘உங்கள் விபரங்களை வைத்திருப்போம்’ என்றால் அவர்களே கூப்பிடுவார்கள் என்று பலர் காத்திருக்கிறார்கள். அது வாக்குறுதி இல்லை, அடுத்த வெற்றிடத்துக்கு நீங்கள்தான் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.