வாசகர் கேள்வி நேரம்: இனிப்புச் சோளம் ஏன் முளைக்கவில்லை?

இந்த இதழுக்கு வந்த தோட்டக் கேள்விகளில் பாதிக்கு மேல் சோளத்தைப் பற்றித்தான், அதிலும் பெரும்பாலானவை சுங்கை சிப்புட் வட்டாரத்துக் கடிதங்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். முதல் பதில் கொஞ்சம் நீளம், மற்றவர்களுக்கும் அதிலேயே பாதி பதில் இருக்கிறது.

அண்ணே, தோட்டத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. வீட்டுக்குப் பின்னால் கால்வாய் ஓரமாக நல்ல வெயில் படும் இடம் இருக்கிறது. கடையில் இனிப்புச் சோள விதை பாக்கெட் வாங்கி, பச்சைப்பயறு ஊறப்போடுவது போல ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டுவிட்டுக் காலையில் நட்டேன். பாதிக்கு மேல் வரவே இல்லை, தோண்டினால் கொழகொழவென்று அழுகிக் கிடக்கிறது. எங்கம்மா லயத்துக்குப் பின்னால் குச்சியால் குத்தி விதையைப் போட்டுவிட்டுப் போவார், எல்லாம் முளைக்கும். விதை கெட்டதா, இல்லை என் கைராசி சரியில்லையா?
ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

கைராசியை விடுங்கள் அக்கா. அம்மா போட்டது வேறு சோளம், நீங்கள் போட்டது வேறு சோளம்.

அந்தக் காலத்துச் சோள மணி காய்ந்த பிறகும் கெட்டியாக, குண்டாக இருக்கும், உள்ளே முழுக்க மாவு. முளை மண்ணைத் தாண்டி வந்து இலை விரிக்கும்வரை அந்த மாவுதான் அதற்குச் சாப்பாடு. இனிப்புச் சோளத்தில் சர்க்கரை மாவாக மாறுகிற வேலை ஒரு மரபணுக் கோளாறால் தடைப்பட்டுப் போகிறது, நாம் கடிக்கும்போது இனிப்பதே அதனால்தான். அதே மணியை விதைக்காகக் காயவிட்டால், உள்ளே மாவு போதாமல் வற்றிச் சுருங்கிவிடும். பாக்கெட்டைக் கையில் கொட்டிப் பாருங்கள், தோல் மட்டும் இருப்பது போலத் தெரியும். சூப்பர் சுவீட் என்று போட்டு விற்கிற ரகங்களில் இந்தச் சுருக்கம் இன்னும் அதிகம். அது கெட்ட விதை இல்லை, இனிப்பாக இருப்பதற்கு அந்த விதை கொடுக்கிற விலை அது.

இப்படிப்பட்ட விதையை ராத்திரி முழுக்க ஊறவைத்தால் என்ன ஆகும்? தோல் மெல்லிசு, சின்னச் சின்ன வெடிப்பு வேறு இருக்கும், தண்ணீரை ஒரேயடியாக உறிஞ்சி உள்ளே இருக்கிற திசு சிதைந்துபோகும். தண்ணீருக்குள் மூச்சு விடக் காற்றும் இல்லை. அதோடு சர்க்கரை வெளியே கசிகிறது, மண்ணில் இருக்கிற பூஞ்சைக்கு அது நாம் கூப்பிட்டு வைத்த விருந்து. பயறுக்குச் சரியாக வருவது இதற்குச் சரியாக வராது. ஊறவைக்கவே வேண்டாம், காய்ந்த விதையை அப்படியே ஈர மண்ணில் போடுங்கள்.

பாக்கெட்டின் பின்னால் மண் நன்றாகச் சூடான பிறகு விதைக்கவும் என்று எழுதியிருந்தால் அது குளிர்நாட்டுக்காரர்களுக்குச் சொன்னது. நமக்கு மண் வருடம் முழுக்கச் சூடுதான், நம்முடைய பிரச்சினை தண்ணீர். சித்திரை வைகாசியிலும் தீபாவளியை ஒட்டியும் சாயங்காலமானால் கொட்டுகிற மழையில் கால்வாய் ஓரத்து மண் இரண்டு நாளைக்கு வடியாது, இந்த விதை அதைத் தாங்காது. ஜனவரி பிப்ரவரி, இல்லாவிட்டால் ஜூன் ஜூலை என்று மழை குறைந்த சமயமாகப் பார்த்துப் போடுங்கள். எப்போது போட்டாலும் ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டிக்கொள்ளுங்கள். நம் பக்கத்து மண் பெரும்பாலும் புளிப்பு மண், அதனால் விதைப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே டோலமைட் சுண்ணாம்பைத் தூவிக் கொத்திவிடுவது நல்லது. கோழி எரு போடலாம், ஆனால் நன்றாக மக்கியதாக இருக்க வேண்டும், பச்சை எரு வேரைப் பொசுக்கிவிடும்.

ஆழம் இரண்டரை சென்டிமீட்டர், மணல் கலந்த மண்ணாக இருந்தால் மூன்று. அதற்குக் கீழே போகாதீர்கள், மேலே வருவதற்குள் கையிருப்புத் தீர்ந்துவிடும். போட்ட அன்று ஒருமுறை தண்ணீர் விட்டால் போதும், அப்புறம் மேல்மண் காய்ந்தால் மட்டும் விடுங்கள். காலையிலும் மாலையிலும் பாசத்தோடு ஊற்றுவதுதான் பல வீடுகளில் விதையைக் கொல்கிறது. நம் சூட்டுக்கு நாலு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் முளை தலைகாட்டிவிடும், பத்து நாளாகியும் வரவில்லை என்றால் காத்திருக்காமல் அந்தக் குழியில் மறுபடி போடுங்கள்.

பாக்கெட் நல்லதா என்ற சந்தேகத்தை நடுவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ளலாம். பத்து விதையை எடுத்து, நனைத்துப் பிழிந்த டிஷ்யூவில் சுருட்டி, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துச் சமையலறையில் ஓர் ஓரமாக வையுங்கள். ஐந்தாறு நாளில் எட்டு ஒன்பது முளைத்தால் குழிக்கு ஒன்று போதும். ஐந்தாறுதான் என்றால் குழிக்கு இரண்டு போட்டு, பிறகு நோஞ்சானைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள், பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடும். அதைவிடக் குறைந்தால் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடலாம். இந்த விதை அதிக நாள் தாங்காது, மிச்சத்தை இறுக்கமான டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்து அடுத்த வருடத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

இன்னொன்று. விதை சாயம் பூசியது போல இளஞ்சிவப்பாக இருந்தால் அது பூஞ்சை மருந்து. அழுகாமல் இருக்கத்தான் பூசியிருக்கிறார்கள், ஊறவைத்தால் அந்த மருந்தும் தண்ணீரோடு போய்விடும். தொட்டால் கையைக் கழுவுங்கள், மீந்ததைக் கோழிக்குப் போட்டுவிடாதீர்கள்.

மழைக்காலத்தில் தட்டில் முளைக்க வைத்து நடலாமா? சோளத்தைப் பிடுங்கி நட்டால் வராது என்கிறார்களே?
ஒரு வாசகர், கோல கங்சார்

பிடுங்கி நட்டால் வராது என்பது உண்மைதான், சோளத்துக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது. ஆனால் பிடுங்காமல் நடலாமே. கோப்பி குடித்த காகிதக் கப்பின் அடியில் ஓட்டை போட்டு, பாதி மண்ணும் பாதி தேங்காய் நார்த்தூளும் கலந்து, கப்புக்கு ஒரு விதை வையுங்கள். மழைச்சாரல் படாமல் வெளிச்சம் வருகிற இடம் வேண்டும். இரண்டு மூன்று இலை வந்ததும் கப்பைக் கிழித்து, மண் உதிராமல் அப்படியே குழியில் இறக்குங்கள். ஒரு மாதம் கப்பிலேயே வைத்திருந்தால் வேர் சுருண்டு, செடி முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடும். மழை மாதத்தில் நட்டே தீர வேண்டும் என்பவர்களுக்கு என்னுடைய ஓட்டு இந்த முறைக்குத்தான்.

அண்ணே, கோழித் தீவனச் சோளத்தில் கொஞ்சம் எடுத்துப் போட்டேன், ஒன்று விடாமல் முளைத்தது. பக்கத்திலேயே பாக்கெட் விதையும் போட்டிருக்கிறேன். தீவனச் சோளம் இனிக்குமா? அறுத்த பிறகு இதிலிருந்தே விதை எடுத்து வைக்கலாமா?
ஒரு தம்பி, தோட்டத்து முகவரி மட்டும் எழுதியிருக்கிறார்

தம்பி, இனிக்காது. தீவனச் சோளம் மாவுச் சோளம், அதனால்தான் ஒன்று விடாமல் முளைத்தது. அதுகூடப் பரவாயில்லை, பக்கத்தில் போட்டதுதான் வம்பு. சோளத்தில் எந்த மகரந்தம் விழுகிறதோ அதைப் பொறுத்து அந்த மணியின் குணமே அதே பருவத்தில் மாறும். தீவனச் சோளத்துத் தூள் காற்றில் பறந்து உங்கள் இனிப்புச் சோளத்து முடியில் விழுந்தால் அந்த மணிகள் சப்பென்று மாவாகத்தான் இருக்கும். ரகத்தின் மேல் பழி விழும், பாவம். பாசார் மாலாமில் வாங்குகிற புலுட் சோளத்தை, அதாவது பசை போல ஒட்டுகிற சோளத்தை, பக்கத்தில் போட்டாலும் இதே கதை. வீட்டுத் தோட்டத்தில் தூரமாக நட ஏது இடம், அதனால் காலத்தைத் தள்ளுங்கள்: ஒன்றைப் போட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து மற்றதைப் போட்டால் பூக்கிற நேரம் சேராது. இப்போது இரண்டும் ஒரே வயதில் நிற்கிறது என்றால் தீவனச் சோளத்தின் ஆண்பூ வெளியே வந்தவுடன் ஒடித்துவிடுங்கள், தூள் கொட்டுவதற்கு முன்னால்.

விதை எடுப்பதா? பாக்கெட்டில் எஃப்1 என்று போட்டிருந்தால் வேண்டாம். அது கலப்பின விதை, அதன் பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாக வரும். இன்னும் சிலர் சாப்பிட வாங்கிய பச்சைக் கதிரிலிருந்து மணியை உதிர்த்துக் காயவைத்து நட்டுவிட்டு முளைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். சாப்பிடுகிற கதிர் பால் பருவத்தில் உடைத்தது, மணி இன்னும் முற்றவே இல்லை, அது எப்படி முளைக்கும்?

வேலி ஓரமாக ஒரே வரிசையில் இருபது செடி, ஆள் உயரம் வளர்ந்தது. கதிரை உரித்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி. உரம் போதவில்லையா?
ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

உரத்தில் குறை இல்லை ஐயா, நட்ட விதத்தில்தான். கதிரின் நுனியில் தொங்குகிற ஒவ்வொரு முடியும் ஒரு மணிக்குச் சொந்தம், தூள் விழாத முடிக்கு மணி கிடையாது. மேலே இருக்கிற ஆண்பூவிலிருந்து தூளைக் கொண்டுவருவது காற்றுதான், ஒரே வரிசையில் நின்றால் பாதித் தூள் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். அதே இருபது செடியை நாலு வரிசையாக, வரிசைக்கு ஐந்தாகச் சதுரமாகப் போட்டிருந்தால் தப்பித்திருப்பீர்கள். செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர், வரிசைக்கு வரிசை 75. இடம் நீளமாகத்தான் இருக்கிறது என்றால் காலையில் பனி காய்ந்ததும் ஆண்பூவைக் காகிதப் பைக்குள் தட்டி, விழுந்த தூளை முடியின் மேல் தூவுங்கள், மூன்று நாலு நாள் தொடர்ந்து.

குருத்துக்குள் மரத்தூள் மாதிரி கிடக்கிறது, இலையெல்லாம் ஓட்டை.
ஒரு வாசகி, ஊர் எழுதவில்லை

தூள் இல்லை, புழுவின் எச்சம். படைப்புழுவாக இருக்கும், அமெரிக்காவிலிருந்து பரவி 2019-இல் நம் மலேசியாவிலும் தலைகாட்டிய வகை. நெற்றியில் தலைகீழ் ஒய் போல வெள்ளைக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பத்திருபது செடிக்கு மருந்து வாங்க ஓடாதீர்கள், காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ குருத்தைப் பிரித்துப் புழுவைப் பொறுக்கி நசுக்கினால் போதும். இலைக்கு அடியில் பஞ்சு மூடினாற்போல முட்டைக் கூட்டம் இருந்தால் விரலாலேயே தேய்த்துவிடுங்கள். நிறைய இருந்தால் பிடி (Bt) என்கிற பாக்டீரியா மருந்தைப் புழு சின்னதாக இருக்கும்போதே சாயங்காலத்தில் குருத்துக்குள் படும்படி அடியுங்கள், பெரிசான பிறகு அடித்துப் பிரயோசனம் குறைவு.

போட்ட விதையை மைனாவும் கோழியும் கிளறிவிடுகின்றன.
மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்

பழைய வலையைப் பாத்திக்கு மேல் ஒரு முழ உயரத்தில் கட்டுங்கள், செடி ஒரு சாண் வந்ததும் எடுத்துவிடலாம். எலிக்கு வலை போதாது, அடி வெட்டிய தண்ணீர் போத்தலைக் குழிக்கு ஒன்றாகக் கவிழ்த்து, மூடியைக் கழற்றிவிட்டு மண்ணில் அழுத்தி வைக்க வேண்டும். குரங்குக்கு என்னிடம் வழி இல்லை.

அடியில் பக்கக் கிளை வருகிறது, ஒடிக்கவா?
ஒரு வாசகர், ஈப்போ

வேண்டாம். ஒடிப்பதால் கதிர் பெரிசாகாது. அந்த நேரத்தில் அடியில் மண் அணைத்துவிடுங்கள், காற்றுக்குச் சாயாமல் நிற்கும்.