பவுடர் மது என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? ட்ரெக்கிங்குக்கு பாட்டிலுக்குப் பதில் எடுத்துப் போகலாமா?

இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு அதில் லாபம் கிடையாது. பெரம்பூர் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், பவுடர், பாக்கெட், அளவு இதெல்லாம் என் தினசரிப் பிழைப்பு என்பதால்தான் இந்தக் கேள்விக்கு எழுதுகிறேன். "மருந்துக்கடைக்காரன் புத்தி சொல்ல வந்துட்டான்" என்று கீழே ஆரம்பிக்காதீர்கள். நானும் விசேஷம் என்றால் ஒரு பீர் குடிக்கிற ஆள்தான்.

சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்று மாவுச்சத்திலிருந்து எடுக்கிற ஒரு பொருள். அதன் மூலக்கூறு மெதுவடை மாதிரி, நடுவில் ஓட்டை. அந்த ஓட்டைக்குள் ஆல்கஹால் போய் உட்கார்ந்துகொள்ளும், தண்ணீரில் போட்டால் வெளியே வரும். ஜப்பானில் 1970களிலிருந்தே இப்படிச் செய்கிறார்கள், பெரும்பாலும் உணவுத் தயாரிப்புக்காக. அமெரிக்காவில் மார்க் பிலிப்ஸ் என்பவர் 'பால்கஹால்' என்று கொண்டுவந்தார். அவரும் உங்களைப் போலத்தான், மலை ஏறும்போது பாட்டில் சுமக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று ஆரம்பித்தவர். 2014 ஏப்ரலில் அங்குள்ள அரசு அதிகாரிகள் லேபிளுக்கு அனுமதி கொடுத்து சில நாளிலேயே திரும்ப வாங்கினார்கள், 2015 மார்ச்சில் மறுபடி கொடுத்தார்கள், அதற்குள் மாநிலங்கள் வரிசையாகத் தடை போட, கடைசிவரை அது கடைக்கே வரவில்லை.

இப்போது எடைக்கணக்கு. அந்தப் பாக்கெட் ஒன்று சுமார் 30 கிராம், அதில் பாதிதான் ஆல்கஹால், மீதி வடை. நம்ம ஊர் 42.8 சதவீத குவார்ட்டர் 180 மில்லி, சரக்கு மட்டும் 170 கிராம் வரும். அதே போதைக்குப் பவுடர் 125 கிராமாவது வேண்டும். ஐம்பது கிராம்கூட மிச்சமில்லை! கண்ணாடி பாட்டில்தான் பாரம் என்றால் அது வேறு விஷயம்.

எனக்குப் பயம் மூக்கில் உறிஞ்சுவதைப் பற்றி அல்ல (அமெரிக்காவில் அதைத்தான் பெரிதாகப் பேசினார்கள், எரிகிற எரிச்சலில் யாரும் ரொம்ப நேரம் தாங்க மாட்டார்கள்). பயம் அளவில். ஒரு லிட்டர் தண்ணீருக்கான ஓஆர்எஸ் பாக்கெட்டில் "ஒரு லிட்டர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, நானும் வாயால் சொல்லித்தான் கொடுக்கிறேன், அப்படியும் பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்கிக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு "வாந்தி நிக்கலைண்ணா" என்று வந்து நிற்கிறார்கள். இதே கைகள் பீரில் இரண்டு பாக்கெட் கொட்டினால்? வீட்டில் ஜூஸ் பவுடர் பக்கத்தில் வைத்திருந்தால்?

போன வருஷம் ஒரு காலேஜ் பையன் பளபளவென்று ஒரு பாக்கெட்டை நீட்டி, "அண்ணா, இதுல எவ்ளோ ஏறும்?" என்றான். ஆன்லைனில் முந்நூற்றுச் சொச்சம் கொடுத்து வாங்கியிருக்கிறான். திருப்பிப் பார்த்தால் சர்க்கரை, சிட்ரிக் ஆசிட், மால்ட்டோடெக்ஸ்ட்ரின், எலுமிச்சை வாசனை. காக்டெய்ல் மிக்ஸ்! "தம்பி, இது ரஸ்னாவோட அண்ணன்" என்றேன், முகம் செத்துவிட்டது. அவனுக்குக் கிடைத்தது வெறும் சர்க்கரை, அதனால் தப்பித்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மெத்தனாலில் செத்தார்கள். லேபிள் இல்லாத பவுடரை ஒருவன் மறைத்து விற்றால் அதில் என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பது?

ஓஆர்எஸ் என்றதும் இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். பெயரில் ஓஆர்எஸ் என்று போட்டுக்கொண்டு இனிப்புத் தண்ணீரை அட்டைப் பெட்டியில் அடைத்து வருஷக்கணக்கில் விற்றார்கள். 2025 அக்டோபரில்தான் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அதுவரை நான் உண்மையான பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தால் "அந்த ஆரஞ்சு டேஸ்ட் இல்லையா" என்று பக்கத்துக் கடைக்குப் போனவர்கள் எத்தனை பேர்! வயிற்றெரிச்சல்.

சரி, உங்கள் ட்ரெக்கிங். வனத்துறை செக்போஸ்ட்டில் பையைத் திறக்கச் சொல்வார்கள். பாட்டில் இருந்தால் வாங்கி வைத்துக்கொண்டு திட்டுவதோடு முடியலாம். பெயர் எழுதாத வெள்ளைப் பவுடரை எடுத்துக் காட்டி "சார், இது சரக்குதான், வேற ஒண்ணுமில்லை" என்று நீங்கள் விளக்கம் சொல்லப் போகிறீர்களா?