பொந்து விழுந்த மரம்

அன்புள்ள அக்கா,

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில், ரப்பர் விளைகளுக்கு நடுவே எங்கள் வீடு. சில வாரங்களாக இரவானால் ஓட்டின்மேல் ஏதோ வந்து விழுகிறது. மரநாய் என்று நினைத்தோம். டார்ச் அடித்தால் சிவந்த கண்கள், நீளமான வால். பலாமரத்திலிருந்து காற்றில் மிதந்து வந்து கூரையில் இறங்குகிறது. பறக்கும் அணிலாம். மச்சுக்குள் குடியேறப் பார்க்கிறது. குழந்தைகளைக் கடிக்குமா? கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட்டுவிடலாமா? பக்கத்து வீட்டு மாமா அதன் இறைச்சி இளைப்புக்கு நல்லது என்கிறார். அம்மாவோ, மேற்கே நின்ற பழைய அயினிப்பலா மரத்தை முறித்து விற்றதிலிருந்துதான் இதெல்லாம் என்று புலம்புகிறார். தெற்கே நிற்பதற்கும் விலை பேசியிருக்கிறோம். நீங்கள்தான் வழி சொல்லவேண்டும்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கடிக்குமா என்றால், கையில் பிடித்தால் எந்த அணிலும் கடிக்கும். பிள்ளைகளைத் தேடி வந்து கடிக்காது. கூண்டு வைக்காதே. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். மாமாவை நல்ல டாக்டரிடம் அழைத்துப் போ. மச்சின் ஓட்டையை அடைப்பதானால், உள்ளே குட்டி இல்லை என்று பார்த்துவிட்டு, இரவில் அது வெளியே போன பிறகு அடை.

உங்கள் வீட்டில் சரியாகப் பார்த்தவர் அம்மா ஒருவர்தான். நீ விரட்ட நினைக்கிற அந்தப் பிராணி குடியிருந்த மரம் அந்த அயினியாகத்தான் இருக்கும். அதை முறித்து விற்றுவிட்டு, வீட்டுக்குள் ஏன் வருகிறது என்று என்னிடம் கேட்கிறாய்.

உன் கடிதம் வந்தபோது எங்கள் தெருவிலும் ஒரு தடி வியாபாரி மரம் பார்த்துக்கொண்டிருந்தார். அயினித் தடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளே பொந்து, விறகு விலைதான் தருவேன்" என்றார். வீட்டுக்காரரும் தலையாட்டினார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்தப் பொந்து உண்டாக எத்தனை காலம் ஆகும் என்று யாராவது நினைக்கிறோமா? ஒரு கிளை முறிய வேண்டும், காயத்தில் மழைத்தண்ணீர் இறங்க வேண்டும், பூஞ்சை மெல்ல மெல்ல மரத்தின் நடு வயிரத்தைத் தின்ன வேண்டும். மூக்கிலிருந்து வால் நுனிவரை ஏறத்தாழ 3 அடி இருக்கும் இந்த அணில் உள்ளே சுருண்டு படுக்கிற அளவுக்குப் பொந்து பெரிதாகப் பல பத்தாண்டுகள் ஆகும். அணிலால் மரத்தைக் குடைந்து பொந்து உண்டாக்க முடியாது. இருப்பதில்தான் குடியேற வேண்டும். பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி, அதையும் அங்கேதான் வளர்க்கும். ரப்பர் மரத்தை ஏழாம் ஆண்டில் பால்வெட்ட ஆரம்பித்து முப்பது வயதை ஒட்டி முறித்துவிடுகிறோம். அது என்றைக்குக் கிழடாகி, என்றைக்குப் பொந்து விழ?

என் அப்பா தடிக்காரன்கோணம் பக்கம் பால்வெட்டுக்காரர். விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு போவார், லீவு நாட்களில் நானும் பின்னால் போவேன். ஒருமுறை விளையின் ஓரத்து அயினி உச்சியில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். "சும்மா நில்லு மக்களே" என்றார். அது நான்கு கால்களையும் விரித்துக் குதித்தது. முன்கால் மணிக்கட்டிலிருந்து பின்கால்வரை தோல் வள்ளத்தின் பாயைப்போல் விரிய, ஓசையில்லாமல் எங்கள் தலைக்குமேல் கடந்தது. எதிர்மரத்தை நெருங்கியதும் உடம்பைச் சட்டென்று நிமிர்த்தி, நான்கு காலும் பதிய 'தப்' என்று ஒட்டிக்கொண்டது. மறுநொடியே தடியின் மறுபக்கம் ஓடி மறைந்தது. பின்னாலேயே ஆந்தை வரலாம் என்ற பயம். அப்பா அது போய் மறையும்வரை கத்தியைக் கையில் எடுக்கவில்லை.

பறக்கும் அணில் என்று சொல்கிறோமே தவிர, அதற்குப் பறக்கத் தெரியாது. சறுக்கத்தான் தெரியும். ஒவ்வொரு பாய்ச்சலிலும் உயரம் குறையும், மறுபடி மரமேறித்தான் உயரத்தைப் பிடிக்கவேண்டும். நடுவில் ஓர் உயரமான மரம் போனால் தரையில் இறங்கி நடக்கவேண்டியதுதான். தரையில் நாய்கள் இருக்கின்றன. உன் ஓட்டுக்கூரை அதற்குக் கிடைத்த மாற்று மரம், அவ்வளவுதான்.

காட்டில் விடலாமே என்கிறாய். 2008-இல் நம் கன்னியாகுமரி மாவட்டக் காடுகளைச் சரணாலயமாக அறிவித்தது நல்ல காரியம். ஆனால் அங்குள்ள பொந்துகளில் ஏற்கெனவே குடியிருப்பவை உண்டு, தம்பி. தெரியாத காட்டில் கொண்டுபோய் விடுவது காப்பாற்றுவது ஆகாது. திருவிதாங்கூர்ப் பறக்கும் அணில் என்று இதைவிடச் சிறிய இனம் ஒன்று உண்டு. நூறாண்டுபோல ஆய்வாளர் கண்ணில் படாமல் இருந்து, 1989-இல்தான் கேரளத்தில் மறுபடி தென்பட்டது. நம் மண்ணும் பழைய திருவிதாங்கூர்தான். ஒரு கிழட்டு மரத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே விறகு விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

தெற்கே நிற்கும் அயினிக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தால் நாளைக்கே திருப்பிக் கொடு. பணமுடை என்றால் பால் வற்றிய ரப்பரை முறித்து விற்றுக்கொள். நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

அன்புடன்,
அக்கா